முன்வரிசையில் இரண்டு நாற்காலி

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில் எனக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில் நாடக உடைகள் பிதுங்கும் ஒரு பை.

"பேப்பர்ல என்னைப் பாராட்டி லெட்டர் வந்திருக்கு. அதான் பயமா இருக்கு, தம்பி."

"பாராட்டுக்கா பயம், சேட்டா?"

"'வில்லனோட நடையும் சிரிப்பும் அப்படியே நம்ம கவுன்சிலர்தான்'னு எழுதியிருக்கு."

"ஐயோ! அவர் பார்த்தாரா?"

"பார்த்துட்டு, இன்னைக்கு நாடகத்துக்கு முன்வரிசையில ரெண்டு நாற்காலி கேட்டிருக்கார். ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு லெட்டர் எழுதினவனுக்கு. ஆளைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார்."

"அதுல பேர் இல்லையா?"

"'ஒரு ரசிகன்'னுதான் இருக்கு."

"அப்ப அந்த ரசிகன்தானே பயப்படணும்? உங்களுக்கென்ன?"

மூத்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இத்தனை ஷோ ஆச்சு, ஒருத்தரும் ஒரு வரி எழுதலையேடா. நானேதான் எழுதிப் போட்டேன்."