கொஞ்சம் அசையாமல் இருந்திருக்கலாம்

காலாட்டும் பழக்கம் உள்ளவர்கள் பொதுவாக நல்லவர்கள். என் மனைவியின் தம்பியும் நல்லவன்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்ஸ்பெக்டர் சார்.

பக்கத்துத் தெருவில் திருட்டுப் போனதிலிருந்து மனைவிக்கு நிம்மதி இல்லை. அவளுக்காகத்தான் வாசலிலும் வீட்டுக்குள்ளும் கேமரா வைத்தேன். எல்லாம் ஹாலில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதிவாகும். பாவம், அது திணறியது. பிராசஸர் லோடு எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம். படம் விக்கி விக்கி வந்தது. எதிரில் ஏதாவது அசைந்தால்தான் அதற்கு இவ்வளவு வேலை என்று கேமரா மாட்டியவர் விளக்கினார்.

"செட்டிங்கை மாத்திக்குங்க சார். படம் கொஞ்சம் மங்கலா வரும், அவ்வளவுதான்."

மங்கலான படம் எனக்கு ஒத்துவராது. நமக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஒன்றின் பார்வையைக் கெடுப்பது என்ன நியாயம்? கேமரா மேல் தப்பில்லை. நாம்தான் தேவைக்கு மேல் அசைகிறோம்.

முதலில் திரைச்சீலைகளைக் கழற்றினேன். துணிக்கொடியை அறுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த சமயம் அவருடைய மரத்தை வெட்டினேன். எங்கள் வாசல் கேமராவில் அது இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஃபேனை நிறுத்தியபோது மட்டும் மனைவி, "என்னங்க, உயிரோட வேகுறோம்" என்று அட்டையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். லோடு ஏறியது. அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது எங்களோடு தங்கியிருந்த மச்சினனின் கால். "என்னை அறியாம ஆடுது மாமா" என்றான். அறிந்து செய்பவனிடம் பேசிப் பார்க்கலாம். அறியாமல் செய்பவனுக்கு மருந்துதான்.

நேற்று மத்தியானம் டீயில் தூக்க மாத்திரை கலந்தேன். மனைவிக்கும்தான். பாரபட்சம் எனக்குப் பிடிக்காது. இருவரும் சோபாவில் சாய்ந்தார்கள். லோடு மளமளவென்று இறங்கியது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பின்கதவு வழியாகத் திருடன் வந்தான். நான் கத்தியிருக்கலாம். ஆனால் எழுந்தால் லோடு ஏறி, அவன் முகம் சரியாகப் பதியாமல் போயிருக்கும். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பீரோவைக் காலி செய்தான். மனைவியின் வளையல்களைக் கழற்றினான். அவன் மூக்கோரம் இருந்த மரு வரைக்கும் தெளிவாகப் பதிந்தது. கழற்றும்போதுதான் அவள் கை ஜில்லென்று இருப்பதைக் கவனித்திருக்கிறான்.

"சார், இவங்களுக்கு என்னாச்சு? எழுப்புங்க சார்."

நான் பதில் சொல்லவில்லை. உதடு அசைந்தாலும் அசைவுதானே. ஆம்புலன்சுக்குப் போன் போட்டவன் அவன்தான். போகும்போது கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மனைவி கண் விழித்துவிட்டாள் என்று காலையில் சொன்னீர்கள். இப்போது மச்சினனின் காலும் ஆட ஆரம்பித்துவிட்டதாம், பிழைத்துக்கொள்வானாம். ரொம்பச் சந்தோஷம் சார். அவனுக்கு மட்டும் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும்.