பதின்மூன்றாம் எழுத்திலிருந்து

பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்க்கும்போது நடுவில் ஓர் இடைவெளி வேண்டும் என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. சொன்னால்தான் விடும். பின்லாந்தின் ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

கடிதங்கள் அப்படித்தான் உருவாகும். பெயர், தெரு, அஞ்சல் எண் எல்லாவற்றையும் ஒட்டுவோம். யாருக்கு அனுப்புவது என்பதை மார்பகப் பரிசோதனைச் சீட்டில் உள்ள நீண்ட குறியீடு சொல்லும். அதில் பன்னிரண்டாம் இடத்திலிருந்து மூன்று எழுத்துகளை வெட்டியெடுத்தால் முடிவு தெரிந்துவிடும். வடக்குக் கிளையின் சீட்டில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். அங்கே பதின்மூன்றிலிருந்து வெட்ட வேண்டும்.

அதை நான் கவனிக்கவில்லை. வேலைக்கு வந்து ஆறு மாதமே ஆன தூலிக்கி கவனித்தாள். கூட்டத்தில், எல்லோரும் ஏலக்காய் பன் தின்றுகொண்டிருந்தபோது, நிரலில் நான் எழுதிய வரியை, அது பயன்பாட்டுக்கு வருமுன்பே, திரையில் காட்டினாள்.

“ரைமோ, எண்ண வரலன்னா விரல விட்டாவது எண்ணியிருக்கலாமே.”

“அவருக்கு இருக்கறதே பத்து விரல். பதிமூணுக்கு எங்க போவாரு?” என்றார் மேலாளர் யோர்மா.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் திருத்தி எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள். கோடையில் அவள் ஏரிக்கரைக் குடிலுக்கு விடுப்பில் போனதும், பதின்மூன்றைப் பன்னிரண்டாக்கினேன். பெயரை அப்படியே விட்டேன். யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவேடு என் பொறுப்பில்தான் இருந்தது.

வடக்குச் சீட்டுகளிலிருந்து வெட்டி வந்த மூன்று எழுத்துகளுக்கும் பொருளே இல்லை. அதனால் அங்கே கட்டி இருப்பதாகச் சந்தேகம் வந்த ஒருவருக்கும் ‘மீண்டும் வரவும்’ கடிதம் போகவில்லை. கடிதம் வராவிட்டால் எல்லாம் நலம் என்றுதான் மக்கள் நினைப்பார்கள். ஒரு வாரத்தில் யாராவது கண்டுபிடிப்பார்கள், அவள் தலைகுனிந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். பதினாறு மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

விஷயம் வெளிவந்த அன்று தூலிக்கி என் மேசைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“நான் சரியாத்தான் எண்ணினேன், ரைமோ. சத்தியமா எண்ணினேன். எப்படித் தப்பாச்சு?”

“எல்லாருக்கும் நடக்கறதுதான், விடு” என்றேன்.

மறுவாரம் வேலையை விட்டுப் போனாள்.

முப்பத்தெட்டுப் பெண்கள், அதில் ஒன்பது பேர் உயிரோடு இல்லை என்கிறீர்கள், விசாரணை அதிகாரி அவர்களே. கணக்கு சரிதான். மாதந்தோறும் கடிதம் போகாதவர்களின் பட்டியலை நான் தனியாக எடுத்துப் பார்த்துவந்தேன். பெயர்கள் எல்லாம் மனப்பாடம்.

என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மூன்றாம் மாதப் பட்டியலில் என் தங்கை ஐலியின் பெயர் இருந்தது. அன்றே, அவள் ஒருத்திக்கு மட்டும், கடிதத்தை என் கையாலேயே அச்சிட்டு அனுப்பினேன். அவள் பிழைத்துக்கொண்டாள்.