மச்சான் கடலில் இருந்த வியாழக்கிழமை

என் பெயர் சந்தியாகு, வயது 54, தகப்பனார் பெயர் அருளானந்து, தங்கச்சிமடம் வடக்குக் கடற்கரையில் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன், ஆங்கிலமும் புரியும். சொந்தமாக நாட்டுப்படகு உண்டு. தொண்டி வரைக்கும் என் குரல் தெரியாத படகு கிடையாது. லீமாரோஸ், வயது 22, என் தங்கை மகள். அவளை ஜோஸ்வா, வயது 26, என்பவன் கடத்திவிட்டதாகப் புகார் கொடுத்த வேதநாயகம் அவளுடைய தகப்பனார், எனக்கு மச்சான். விசாரித்ததில் நான் சொல்வது பின்வருமாறு.

எங்கள் கடலில் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், நாட்டுப்படகு மற்ற நாட்களில் போகும். ஒரே நாளில் போனால் அவர்கள் எங்கள் வலையை அறுத்துவிடுவார்கள் என்று வந்த ஏற்பாடு இது. ஜோஸ்வா விசைப்படகு, மச்சான் நாட்டுப்படகு. வலை அறுத்த வீட்டுக்குப் பெண் கிடையாது என்று மச்சான் கோயில் வாசலிலேயே சொன்னவர். ஆனால் மச்சான் கடலில் இருந்த நாளெல்லாம் ஜோஸ்வா கரையில் இருந்தான். லீமாரோஸ் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஒரே ஆதார் கார்டைப் பதினொரு தடவை நகல் எடுத்தான். பதினொன்று நான் எண்ணியது, ஊரில் நாற்பது என்பார்கள். கடலுக்குப் போக மீன்துறை ஆபீஸில் டோக்கன் கொடுக்கலாம், ஆசைக்கு டோக்கன் கொடுக்க எந்த ஊரிலும் ஆபீஸ் கிடையாது. இதை நான் பல பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு இருவரும் என்னிடம் வந்தார்கள், நான் தாய்மாமன் அல்லவா. ஒரு மாதம் முன்னாலேயே பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வைத்தேன். கடந்த வியாழக்கிழமை என் படகில் எஞ்சின் கோளாறு என்று சொல்லிக் கரையில் நின்றுகொண்டேன். அதன் பிறகு அவர்களை இராமநாதபுரம் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்து அசந்துபோனார்.

அதன் பிறகு ஊர் திரும்பினேன். மச்சானிடம் பக்குவமாக வீட்டில் வைத்துச் சொல்வதாகத்தான் பேச்சு. ஆனால் நெஞ்சு கொள்ளவில்லை. கரையில் கட்டியிருந்த என் படகில் ஏறி ஒயர்லெஸ்ஸைப் போட்டு, "லீமாரோஸுக்கும் ஜோஸ்வாவுக்கும் கல்யாணம் முடிஞ்சிருச்சுடோய்!" என்றேன். முந்நூறு படகு கேட்டது, குறைந்தது முப்பது. தொண்டி ஹமீது சுல்தான், "ஏலே சந்தியாகு, பிரியாணி எங்கனலே?" என்றார். ஒரே விசில், சிரிப்பு. எல்லாப் படகுக்கும் ஒரே சேனல் என்பதையும், அதில் மச்சானும் இருக்கிறார் என்பதையும் அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

"யாருக்குலே கல்யாணம்?" என்று மச்சான் குரல் வந்ததும் கடலே வாயை மூடிக்கொண்டது. அதன் பிறகு, "அங்கனயே நில்லு, வாரேன்" என்றார். விரித்த வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர், என்னை அடிக்கவில்லை, நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தார். இப்போது ஜோஸ்வாவை உள்ளே வைப்பதா வேண்டாமா என்பது என் பேச்சில் நிற்கிறது. நான் பிடித்த மீனை ஊரார் பாதி நீளமாகத்தான் நம்புவார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஸ்டேஷன் எழுத்தர் இதை எழுதிப் படித்துக் காட்டியபோது வாசலில் நின்ற மச்சான் உள்ளே வந்து, "கையெழுத்துப் போடையில புள்ள அழுதுச்சாலே?" என்று கேட்டார்.

"இல்ல மச்சான். சிரிச்சுச்சு" என்றேன்.

மச்சான் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு எழுத்தரிடம் போய், தான் கொடுத்த தாளைத் திருப்பித் தரச் சொன்னார்.

இதில் கடைசியாகச் சொன்ன பதிலில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. மற்றதும் உண்மையே என்று அறிந்து கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) அ. சந்தியாகு