வாங்கண்ணே, இடமிருக்கு

விடியற்காலை நாலரை மணி. லாயத்துக்குப் பின்னாலிருந்து பயிற்சிப் பாதைக்குப் போகும் ஒற்றைச் சாலை. விளக்குக் கம்பம் ஒன்றே ஒன்று, அதுவும் கண் சிமிட்டுகிறது. பனி... ஏறியிருக்கும் குதிரையின் காது தெரியும், அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. அந்தச் சாலையில் ஒரு ஆள் தனியாகப் போகிறார்.

நான் இப்படி ஆரம்பித்ததும் குருவி சிரித்தான். மறுநாள் பந்தயத்துக்குக் குதிரைகளை ஏற்றி வந்த லாரி நடுவழியில் மக்கர் செய்து நின்றிருந்தது. டிரைவர், குதிரை பார்த்துக்கொள்ளும் ஆட்கள் இரண்டு பேர், குருவி, காலைப் பயிற்சியைக் கவனிக்கும் நான். குளிருக்குக் குதிரைகளை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். குருவி ஜாக்கி. நாளைக்குப் பெரிய பந்தயத்தில் ஓட்டப்போகிறவன். காலைப் பயிற்சியில் குதிரை சடாரென்று நின்று இவனைத் தூக்கி எறிந்ததில் தாடை சிராய்ந்திருந்தது. அதற்கும் ஒரு வீரக் கதை வைத்திருந்தான். வேலியோரச் சந்தில் எப்படிப் புகுந்து ஜெயிக்கப்போகிறேன் என்று சாயங்காலத்திலிருந்து அளந்துகொண்டே இருந்தான். எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இதை எடுத்தேன்.

“சிரிடா, சிரி. கடைசியில சிரிக்கிறியான்னு பாக்குறேன்” என்றேன்.

அந்தத் தனி ஆள் என் சிநேகிதனின் அக்கா புருஷன். அவரும் ஜாக்கிதான். எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவார் என்பதால் ஊசி என்று பட்டப்பெயர்.

கடைசி வளைவில் குதிரைகள் எல்லாம் நெருக்கியடித்து வரும். வேலியோரமாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் முன்னால் போகிறவன் வேலியை விட்டுக் கொஞ்சம் விலகினால்தான் சந்து கிடைக்கும். பின்னால் வருகிறவன் “இடமிருக்கா?” என்று கத்துவான். முன்னால் இருப்பவன் “வா” என்றால் நுழையலாம். “வா” என்று சொன்ன பிறகு அடைக்கக் கூடாது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். அதை நம்பித்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைகிறார்கள்.

ஊசியோடு ஓட்டியவர்களில் ஒருவனுக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்தயத்தில் எல்லாரும் ஒருத்தன் ஆத்தாளை ஒருத்தன் இழுத்துத் திட்டிக்கொண்டு போகும்போது அவன் மட்டும், “வாங்கண்ணே, இடமிருக்கு” என்பான். அந்த வேகத்திலும் வாங்க, போங்கதான். அவனுக்கு எப்போதும் சளி. மார்பில் தைலம் தடவாமல் குதிரை ஏறமாட்டான். அவன் வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும்.

ஒரு பந்தயத்தில் மரியாதை பின்னால் வந்தான்.

“அண்ணே, இடமிருக்கா?”

“வா.”

வந்தான். அவன் குதிரையின் தலை ஊசியின் முழங்காலுக்கு வந்துவிட்டது. இன்னும் நாலு பாய்ச்சல், முந்திவிடுவான்... ஊசி கடிவாளத்தை வேலிப் பக்கம் ஒரு இழு இழுத்தார். அவ்வளவுதான். வேலி முறிகிற சத்தம். பின்னால் வந்த குதிரைகளால் நிற்க முடியவில்லை. மரியாதை அங்கேயே போய்விட்டான்.

விசாரணையில் குதிரை தானாகச் சாய்ந்தது என்றார். நம்பினார்கள். அன்றைக்கு ஜெயித்ததும் அவர்தான். பெண்டாட்டியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதிருக்கிறார். அக்கா தம்பியிடம் சொல்லி, அவன் என்னிடம் சொன்னான்.

இப்போது அந்தப் பனிக்கு வாருங்கள். பயிற்சிப் பாதையில் ஊசி குதிரையைத் தட்டிவிட்டார். பாதையில் வேறு யாரும் இல்லை. பாதிச் சுற்றில்... முன்னால் குளம்புச் சத்தம். தடதட... தடதட... லாடம் ஒன்று கழன்று ஆடுகிறது போல, நடுவில் ஒரு ‘ணங்’. குதிரையின் இரண்டு காதும் முன்னால் விறைத்தன. அதற்கும் கேட்கிறது. பனிக்குள் ஒரு குதிரையின் பின்பக்கம் தெரிந்தது. அது மெதுவாக வேலியை விட்டு விலகியது. நல்ல அகலமான சந்து.

தைல வாசனை வந்தது.

“வாங்கண்ணே... இடமிருக்கு.”

இத்தனை வருஷப் பழக்கம். யோசிக்கும் முன்பே கை திருப்பிவிட்டது. குதிரை நாலு காலையும் ஊன்றி நின்றது. இவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். முன்னால் குதிரையும் இல்லை, சந்தும் இல்லை. குதிரையின் மார்புக்கு நேராக வேலி.

வீட்டுக்கு வந்து சொன்னார். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். “குதிரை ஏறாதீங்கன்னு சொல்லல. நம்ம பொழப்பு அது. வேலிப் பக்கம் மட்டும் போகாதீங்க. என் தலையில கை வச்சு சொல்லுங்க” என்றாள். வைத்துச் சொன்னார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எப்போதும் வெளிப்பக்கம். எப்போதும் தோல்வி. “ஊசி மழுங்கிருச்சு” என்று லாயத்தில் கிண்டல். குதிரை கொடுக்கவும் ஆளில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு டிரெய்னர் மனசு வைத்து ஒரு நல்ல குதிரை கொடுத்தார். கிளம்பும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தாள்.

“வெளிப்பக்கம்தானே?”

“வெளிப்பக்கம்தான்.”

கடைசி வளைவு வரை அப்படித்தான் போனார். பக்கத்தில் ஓட்டியவன் பிறகு சொன்னது இது. ஊசி சட்டென்று தலையைத் திருப்பினாராம், யாரோ கூப்பிட்டது போல. மூக்கை உறிஞ்சினாராம். முகம் வெளுத்துவிட்டது. “இல்லப்பா... நான் வரல” என்றார். மறுபடியும், “வரலப்பா...” வாய் அப்படிச் சொல்கிறது. கை மட்டும் கடிவாளத்தை வேலிப் பக்கம் இழுக்கிறது.

வேலியோரம் போன ஜாக்கி அடித்துச் சொன்னான்: “நான் வாயே தொறக்கல. எனக்கும் வேலிக்கும் நடுவுல கை நுழையக்கூட இடமில்ல.” அந்த இல்லாத இடத்துக்குள்தான் ஊசி போனார். வேலியில் ஒரு துண்டுக்கு மட்டும் பெயின்ட் புதுசாக இருக்கும், மரியாதை விழுந்தபோது மாற்றியது. ஊசி கிடந்தது அதற்குக் கீழே.

அவர் செய்தது பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அக்கா? அவள் என்ன பாவம் செய்தாள்?

கதையை முடித்தேன். ஒரு குதிரை பலகையைக் காலால் உதைத்தது. எல்லாரும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தோம்.

“நாளைக்குப் பந்தயத்த வச்சுக்கிட்டு சொல்ற கதையாய்யா இது?” என்றார் டிரைவர்.

குருவியைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. தாடைச் சிராய்ப்பைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணே... இன்னைக்குக் காலையில எனக்கு முன்னாடி ஓட்டினது யாரு?”

“முன்னாடியா? பனி ஜாஸ்தின்னு வேற யாரையும் விடலையேடா. நீ தனியாத்தான ஓட்டின?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏண்டா?”

“ஒண்ணுமில்லண்ணே...” தாடையிலிருந்து கையை எடுத்தான். “என்னை இதுவரைக்கும் யாரும் ‘வாங்க’ன்னு கூப்பிட்டதில்ல.”