பின்னறையின் சாவி

மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளுக்கும், மறைந்த பதிவாளர் அம்மாவின், அழுது ஓய்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், உட்கார இடமில்லாமல் நிற்கும் உங்களுக்கும் வணக்கம்.

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பார்க்கலாம்.

திருமணப் பதிவு அலுவலக வாசலில் முப்பத்தொரு வருடமாக மனு எழுதுகிறவன் நான். பள்ளிக்கூடம் போகாதவன். கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன்.

நம் பதிவாளர் அம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மணப்பெண் வந்தாலும், "கையெழுத்து கோணாம வரணும், உள்ள உக்காந்து பழகட்டும்" என்று வீட்டாரிடம் சொல்லிப் பின்னறைக்கு அழைத்துப் போவார். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. "என்ன வேணும்னாலும் எழுதும்மா, நான் மட்டும்தான் பார்ப்பேன்" என்பார். கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நிற்பார். பெரும்பாலான தாள்களில் கையெழுத்துதான் இருக்கும். எல்லாவற்றிலும் அல்ல.

ஒருநாள் ஒரு மனுவோடும் பின்னறைத் தாளோடும் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, இந்த மனுவுல வயசு பதினெட்டுன்னு போட்டது நீங்கதானே?"

"அவங்கப்பா சொன்னாரும்மா. சொன்னதை எழுதுறதுதானே என் வேலை."

"அழகா எழுதியிருக்கீங்க. இதையும் படிங்க."

'எனக்குப் பதினாலு. நாளைக்குக் கணக்குப் பரீட்சை.' அவ்வளவுதான் இருந்தது.

"உங்களுக்குப் படிக்கணும்னு தோணுச்சு, யாரையும் கேக்காம படிச்சீங்க. அவளுக்குத் தோணக் கூடாதாண்ணே?"

பேனாவை மூடி வைத்தேன்.

அன்று அந்தத் தகப்பன் வராந்தாவில் நின்று, "உன் வேலையை ஒழிச்சுக்கட்டறேன் பாரு" என்று கத்தினான். அம்மா அசையவில்லை. "ஒழிங்க. முதல்ல தண்ணி குடிங்க" என்றார். அவன் குடித்து முடிப்பதற்குள், அம்மா முன்பே அழைத்திருந்த குழந்தைகள் நல அலுவலர் வந்துவிட்டார். அந்தப் பெண் இன்று இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் பரீட்சையில் தோற்றாள். ஆனால், எழுதினாள். அடுத்த வருடம் மறுபடியும் எழுதித் தேறினாள்.

வயது சரியாக இருந்தால் மட்டும் அம்மா விட்டுவிட்டாரா? பட்டம் வாங்கிய இருபத்துமூன்று வயதுப் பெண், 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லைத் தாள் முழுக்க எழுதி வைத்திருந்தாள். அந்தப் பதிவும் நடக்கவில்லை.

விருப்பமில்லாமல் கட்டிவைப்பது நம் வட்டாரத்துப் பிழை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஏழை நாட்டிலும் நடக்கிறது, பணக்கார நாட்டிலும் நடக்கிறது. போர் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் தள்ளிவிடப்படுகிறவள் மகள்தான். விடுமுறைக்கென்று விமானம் ஏற்றிக் கூட்டிப்போய்க் கட்டிவைக்கிறார்கள். சட்டம் எங்கே இல்லை? அதைப் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்க ஆள்தான் இல்லை. நமக்கு ஒருவர் இருந்தார்.

அவருக்கு இந்த மேடை என்ன செய்தது? பத்து நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு இரண்டு முறை கடிதம் அனுப்பியது. இன்று அவர் படத்துக்கு மாலை போட்ட கைதான் அவற்றில் கையெழுத்துப் போட்டது. முகம் சுளிக்காதீர்கள் ஐயா, எனக்கு வயதாகிவிட்டது, பயம் போய்விட்டது.

அம்மா போன மூன்றாம் நாள் பின்னறையில் பழைய கோப்புகளை அடுக்கிப் பூட்டிவிட்டீர்கள். நாளை அங்கே நான்கு பதிவுகள் இருக்கின்றன. நான்கு பெண்கள் எங்கே உட்கார்ந்து எழுதுவார்கள்?

இனிப் பெண்ணே தனியாக வந்து தன் வாயால் சொல்லாமல், எந்த மனுவிலும் வயதை எழுதமாட்டேன். இது என் பங்கு. ஐயா, உங்கள் பங்கு பின்னறைச் சாவி. அது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கடைசி வரிசையில் இருக்கும் பெண்ணை மேடைக்கு அழைக்கிறேன், அவளிடம் கொடுங்கள். கோப்புகளை இன்றைக்கே நாங்கள் வெளியே எடுத்து வைக்கிறோம்.

வாம்மா. ஐயா எழுந்திருக்கிறார்.