சந்தனம் அடைத்த கமரா

"கமராவுக்குச் சந்தனம் பூசினா அது எப்பிடியப்பா வேலை செய்யும்?" என்று முன் சீட்டில் இருந்த பெண் தன் புருஷனைக் கேட்டார்.

வவுனியாவில் இருந்து பளைக்குப் போகும் பஸ். புருஷன் கலியாணங்களுக்குப் படம் பிடிப்பவர். மடியில் லப்டொப், பக்கத்தில் கமரா. வவுனியாவில் வாங்கிய புது வயரைக் குத்தியும், லப்டொப் கமராவைக் கண்டுகொள்ளவில்லை.

"வாணி விழாவில, சரஸ்வதி பூசைக்கு எல்லாரும் பூசுறவைதானே?"

"ஓம். ஆனா நீங்கள் வயர் குத்துற ஓட்டைக்குள்ளயும் அப்பியிருக்கிறியள்."

"மெமரி காட்டைக் கழட்டிப் போட்டுப் பாப்பமெண்டா, லப்டொப்பில காட் போடுற ஓட்டை பழுது. ஸ்கந்தபுரத்துக் கலியாணப் பொம்பிளை இண்டைக்குப் பிளேன் ஏறுறா. தாலி கட்டின படம் இல்லையெண்டா தாய்க்காரி எங்கட கடை வாசலில வந்து குந்திடுவா."

ஸ்கந்தபுரம் என்றதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்தக் கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன்.

மனைவி கொண்டை ஊசியைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். மறுபடி வயரைக் குத்தியதும் லப்டொப் 'டிங்' என்றது.

"வந்திட்டுது! எல்லாப் படமும் வந்திட்டுது!"

"தாலி கட்டினது எங்க?"

"இந்தா... ஐயோ."

"என்னப்பா இது? மாப்பிள்ளையின்ர கையைக் காணேல்ல. ஒரு மொட்டைத் தலைதான் தெரியுது."

"பூப் போட எழும்பின மனுசன். எல்லாப் படத்திலயும் குறுக்க நிக்கிறார்."

"ஆரெண்டு தெரியுமோ?"

"முகம் விழேல்ல. ஆனா பிடரியைக் கண்டா உடன பிடிப்பன்."

பளைக்கு ரிக்கற் எடுத்திருந்த நான், முகத்தை அவர்கள் பக்கமே வைத்துக்கொண்டு, பின்கதவு வரை பின்னுக்குப் பின்னுக்காக நடந்து, பாதி வழியில், கிளிநொச்சியிலேயே இறங்கினேன்.