கறுப்பு மிதியடி

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பெற்றவனோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. அவனை ஏமாற்றி அடைத்து வைக்க மட்டும் புதுசு புதுசாக வழி தெரிகிறது. இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் போனார் கொத்தனார். நம்ம ஊர் மெக்கானிக்குக்கு மாமன் முறை. நெருங்கி உட்காருங்கள்...

பொழுது சாயும் நேரம். லாரி ரோடு. அன்று ஏனோ ஒரு வண்டிகூட இல்லை. ரோட்டை ஒட்டி அவருடைய அண்ணன் வீடு.

கதவைத் திறந்தால் பினாயில் வாடை. நிலைக்கு உள்பக்கம் அகலமாக விரித்த ஒரு கறுப்பு மிதியடி. அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, தூக்கி எறியத்தான் வந்திருந்தார். அதற்கு அந்தப் பக்கம் நாற்காலியில், மறதி நோய் கண்ட அண்ணன்.

"மிதிக்காம தாண்டி வாங்க, சின்ன மாமா," என்றாள் அண்ணன் மருமகள். "நர்ஸ் சொன்ன வழி. கறுப்பு அவருக்குப் பள்ளமாத் தெரியுது. இல்லேன்னா இருட்டினதும் டூட்டிக்குப் போறேன்னு ரோட்ல இறங்கிடறார். லாரிக்கு முன்னால இருந்து இழுத்துட்டு வந்திருக்கேன். திட்டினா கை நீட்டறார். பூட்டினா கதவுல தலையை முட்டறார்."

"கோழியைக் கூடை போட்டுக் கவுத்து வச்ச மாதிரி வச்சிருக்கே. நல்ல வைத்தியம்!"

அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

கொத்தனார் மிதியடி நடுவில் ஏறி நின்றார். "பாருண்ணே, தரை. நான் போட்ட தரை."

பல மாதமாக அவரை யாரென்றே தெரியாத அண்ணன் எழுந்து வந்தார். தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"தம்பி... அசையாதடா."

கொத்தனார் அந்தக் கையை விலக்கினார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்து நழுவி மிதியடியில் விழுந்தது.

சத்தமே இல்லை.

குனிந்தார். சாவி இல்லை. மிதியடியை உதறினார். கீழே வெறும் சிமென்ட், சில்லென்று. நாற்காலிக்கு அடியிலும் இல்லை. எங்கிருந்தோ ஈர மண் வாடை...

"நீதான் எடுத்தே."

"உங்க சாவி எனக்கு எதுக்கு மாமா?" மிதியடியைப் பழையபடி விரித்தாள் அவள்.

அண்ணன் மிதியடி விளிம்பில் குந்தி, காதைச் சாய்த்து, காத்திருந்தார்.

"பள்ளமாம். தூ!"

கிளம்பும்போது கொத்தனார் மிதியடியை மிதிக்காமல் தாண்டித்தான் போனார். தெருமுனையை எட்டிவிட்டார். அப்போது பின்னால், வீட்டுப் பக்கம்... ரொம்ப ஆழத்தில்...

களங்.

அவர் திரும்பவில்லை. "சாவியை அவதான் எடுத்து வீசறா," என்றார், யாரும் இல்லாத ரோட்டில். நடந்துகொண்டே இருந்தார்.